மலையகத்தில் முதியோர் பகல்நேர நிலையம்: கட்டடத்துக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

ஒக்டோபர் 1 நெருங்கும்போது தோட்டப்பகுதிகளில் முதியோரைப் பற்றிய பேச்சு திடீரென்று கூடிவிடும். இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில் வருவதால், ஒரே மேடையில் பிள்ளைகளுக்கு பலூனும் பெரியவர்களுக்குப் பொன்னாடையும் கொடுத்து விழாவை முடித்துவிடுவது வழக்கம். அந்த மேடையில் யாராவது ஒருவர், “இந்தத் தோட்டத்துக்கும் ஒரு முதியோர் நிலையம் வரும்” என்பார். லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேள்விகளும் கிளம்பும். பிள்ளைகள் கைவிட்டவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமா? பென்ஷன் எடுப்பவர்களுக்கு மட்டுமா? அங்கே பேர் பதிந்தால் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும காசு நின்றுவிடுமா? நடத்தப்போவது தோட்டமா, அரசாங்கமா?

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். வெவ்வேறு மூன்று ஏற்பாடுகள் ஒரே பெயரில் பேசப்படுவதால், பதில் சொல்ல வேண்டியவர்களே சில நேரம் தடுமாறுகிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது எது என்ன?

1. முதியோர் இல்லம். இரவும் பகலும் தங்கி வாழும் இடம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், வீட்டில் இருக்க முடியாத நிலையில் உள்ளவர்கள் இங்கே சேர்கிறார்கள். இப்படித் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களைப் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது.

2. முதியோர் சங்கம். இதற்குக் கட்டடமே தேவையில்லை. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் வாழும் 60 வயதைத் தாண்டியவர்கள் சேர்ந்து தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவுசெய்து அமைத்துக்கொள்வது. அதற்கு மேலே பிரதேச செயலக மட்டம், மாவட்டம், மாகாணம், தேசியம் என்று அடுக்குகள் உண்டு.

3. பகல்நேர நிலையம். காலையில் போய், மற்றவர்களோடு சில மணி நேரம் இருந்து, வீட்டுக்குத் திரும்பும் இடம். உடற்பயிற்சி, வைத்தியப் பரிசோதனை, விளையாட்டு, கைவேலை, பாட்டு, பத்திரிகை வாசிப்பு என்று அங்கே நடப்பவைதான் இந்தக் கட்டுரையின் பொருள். பெரும்பாலும் முதியோர் சங்கம்தான் இதை நடத்தும்.

இல்லத்துக்கும் பகல்நேர நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் குடும்பங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தாயைப் பகல்நேர நிலையத்துக்கு அனுப்பினால் ‘கொண்டுபோய் விட்டுட்டான்’ என்று பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) பேசுவார்களோ என்ற பயம் பல மகன்களுக்கு இருக்கிறது. மதியம் அம்மா வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடப்போகிறார் என்று தெரிந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம்தான் இதற்கெல்லாம் அத்திவாரம். 60 வயதை அடைந்தவரை முதியவர் என்று கொள்ளும் இந்தச் சட்டம் 2011 இல் திருத்தப்பட்டது. முதியோருக்கான தேசிய சபை, அதன் வேலைகளைச் செய்யும் தேசிய செயலகம், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரும் பெற்றோரின் விண்ணப்பங்களை விசாரிக்கும் தாபரிப்புச் சபை ஆகியவை இதன் கீழ்தான் உருவாயின. முதியோர் அடையாள அட்டையும் இந்தச் செயலகத்தின் ஏற்பாடுதான்.

தோட்டத்து மக்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் தொழிலைப் பார்ப்பதில்லை. அரச ஓய்வூதியம் எடுக்கும் ஆசிரியரும், 40 வருடம் கொழுந்து பறித்துவிட்டுப் பேர் நிறுத்திய (வேலையிலிருந்து ஓய்வுபெற்ற) அம்மாவும் இதன் முன் ஒன்றுதான். ஓய்வூதியர் சங்கம் என்று நகரங்களில் இருப்பது வேறு. அது அரச சேவையில் இருந்தவர்களுக்கானது. தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் மொத்தமாகக் கைக்கு வரும். மகளின் கல்யாணம், மகனின் ஓட்டோ, பழைய கடன் என்று அது எத்தனை நாளில் கரையும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஓய்வூதியர் சங்கமும் முதியோர் சங்கமும் ஒன்றென்று நினைத்து எத்தனையோ பேர் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள்.

வருமானம் குறைந்த, 70 வயதைத் தாண்டியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு இப்போது அஸ்வெசும ஏற்பாட்டுக்குள் வருகிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் அதை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக்கியது. அதற்கும் பகல்நேர நிலையத்துக்கும் சம்பந்தமில்லை. நிலையத்துக்குப் போவதால் அது வெட்டுப்படாது, போகாவிட்டால் அதிகரிக்கவும் செய்யாது.

தோட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. கிராமத்தில் பன்சலை (பௌத்த விகாரை) மண்டபத்திலோ பொது நோக்கு மண்டபத்திலோ சுலபமாக ஆரம்பிக்கும் ஒரு காரியம் லயத்தடியில் ஏன் இழுபடுகிறது என்பதற்குச் சரித்திரத்தில் காரணம் இருக்கிறது.

முதலில் நிலம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் இன்றும் குத்தகையில்தான் இருக்கிறது. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரை போட வேண்டுமென்றாலும் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், ஒப்புதல் வேண்டும். கொழுந்து வராத மூலையாக இருந்தாலும் அதே கதைதான்.

இரண்டாவது, உள்ளூராட்சி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபை பணம் செலவழிக்கப் பெரிய தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்புவார்கள். அந்த உறுப்பினரால் அவர்களுக்கு ஒரு படிக்கட்டுக்குக் கூட சபைப் பணத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. வினோதமான ஜனநாயகம். 2018 இல்தான் சட்டம் திருத்தப்பட்டுக் கதவு திறந்தது. ஆக, கிராமங்களுக்குப் பல தசாப்தங்களாகக் கிடைத்த சனசமூக நிலையமும் வாசிகசாலையும் தோட்டத்துக்கு இல்லாமல் போனதற்கு மக்களின் அக்கறையின்மை காரணமில்லை.

மூன்றாவது, தூரம். நுவரெலியா மாவட்டம் நீண்ட காலம் 5 பிரதேச செயலகங்களோடுதான் ஓடியது. பொகவந்தலாவையில் இருக்கும் ஒரு முதியவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் எல்லாம் தாண்டிக் கினிகத்தேனையில் உள்ள அம்பகமுவ செயலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலை பஸ்ஸைப் பிடித்துப் போனால், அந்த உத்தியோகத்தர் அன்றைக்குக் கள வேலைக்குப் போயிருப்பார். நோர்வூட், தலவாக்கலை போன்ற இடங்களுக்குப் புதிய செயலகங்கள் வந்த பிறகு இந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பதுளை, கண்டி, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் இது இன்னும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

நான்காவது காரணத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தோட்டத்து முதியவர்கள் சும்மா இருப்பவர்கள் அல்ல. மகன் கொழும்பில் கடையில். மருமகள் மத்திய கிழக்கில், அல்லது கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில். பேரப்பிள்ளைகள் அப்பாயியிடம். விறகு, தண்ணீர், சமையல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, திரும்பி வரும்போது சோறு வைத்துக் காத்திருப்பது எல்லாம் அவர் தலையில். உடம்பு இடம் கொடுத்தால் கைக்காசுக்குக் கொழுந்தும் பறிக்கப் போவார். ‘தனிமையில் வாடும் முதியோருக்குப் பொழுதுபோக்கு’ என்று நகரத்தில் எழுதிய திட்டத்தை இவரிடம் நீட்டினால், “எனக்கு எங்கப்பா பொழுது இருக்கு, போக்குறதுக்கு?” என்றுதான் கேட்பார்.

ஆனால் தனிமை இல்லை என்று அர்த்தமில்லை. நாள் முழுக்க வேலை இருந்தும், தன் வயதுக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரமில்லாத தனிமை அது. வேலைக்குப் போன காலத்தில் மலையில் பக்கத்து நிறையில் நின்றவளோடு பேசிக்கொண்டே பறித்த பேச்சு, பேர் நிறுத்திய மறுநாளே நின்றுவிடுகிறது. ஆண்களுக்கும், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காலையில் பார்த்த முகங்கள் இல்லாமல் போகின்றன. பகல்நேர நிலையத்தின் வேலை, என் பார்வையில், அந்தக் கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது

நிலையம் ஒன்று திறந்து சில மாதத்தில் பூட்டுப்போடும் நிலைக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதன் நேர அட்டவணையை.

அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது. சின்ன வகுப்புகள் அதற்கும் முன்னரே விட்டுவிடும். காலை 8 மணி வரை வீட்டில் யாராலும் அசைய முடியாது. 12 மணிக்கு உலை வைக்க வேண்டும். ஆகவே கிடைப்பது 9 மணியிலிருந்து 11.30 வரை, அவ்வளவுதான். அலுவலக நேரப்படி காலை 8.30 முதல் மாலை 4.15 வரை திறந்துவைத்தால் வருகைப் பதிவேடு வெறுமையாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

கிழமையில் ஐந்து நாளும் திறக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளும் மாறாமல் இருக்க வேண்டும். சம்பள நாள், அட்வான்ஸ் நாள், கிளினிக் நாள், சந்தை நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அந்தத் தோட்டத்துக்குத் தோதான இரண்டு நாளைச் சங்கமே தெரிவு செய்யட்டும்.

பள்ளிக்கூடம் போகாத குழந்தையை வைத்திருக்கும் பாட்டிகள் குழந்தையோடுதான் வருவார்கள். ‘பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிப் போட்டாலே பாதிப் பெண்கள் காணாமல் போய்விடுவார்கள். தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக் காம்பரா (பகலில் குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்) இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் முதியோர் கூடும் இடம் அமைந்தால் இரண்டுக்கும் லாபம்: பாட்டிக்குக் கொஞ்சம் கை ஓயும், ஆயாவுக்குக் கதை சொல்ல ஆள் கிடைக்கும்.

அப்புறம் மழை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடித்து ஊற்றும். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் வருட முடிவில் வடகீழ்ப் பருவக்காற்றில்தான் கூடுதல் மழை. கொழும்பில் அச்சடித்த ஒரே வருட அட்டவணை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தாது. சுற்றுலா, வீட்டுத்தோட்டம், கோயில் யாத்திரை மாதிரியான வெளி வேலைகளை அந்தந்தப் பக்கத்து வெயில் மாதங்களில் வைக்க வேண்டும். மழை மாதங்களில் நிலையத்துக்கு வரும் பாதையே கேள்விக்குறி. லயத்திலிருந்து வரும் படிக்கட்டில் பாசி பிடித்திருந்தால், உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் வழியிலேயே இடுப்பு முறியும். படிக்கு ஒரு பக்கம் பிடிகம்பி போடும் செலவு, புதுக் கட்டடத்தின் ஒரு ஜன்னல் செலவுக்குக் கூட வராது. என்னைக் கேட்டால் முதல் ரூபா அங்கேதான் போக வேண்டும்.

அங்கே போய் என்ன செய்வது?

*உடம்பு.* உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், முதியோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு செய்ய வேண்டும் என்றும், அதோடு சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி மலையகத்தில் யாருக்கும் புதிதில்லை. கடைக்குப் போனாலே ஏற்றம் இறக்கம்தான். தேவைப்படுவது இரண்டாவது பாதி. தலையில் கயிறு போட்டுக் கூடையைச் சுமந்த கழுத்து, சரிவில் ஒரு பக்கமாக நின்ற முழங்கால், குனிந்து முள்ளுக் குத்திய (முள்கருவியால் மண்ணைக் கிளறிய) இடுப்பு என்று தொழில் விட்டுப்போன தேய்மானம் உண்டு. அதற்கு ஏற்ற எளிய பயிற்சிகளும் உண்டு:

1. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து தடவை.
2. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது.
3. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்துக் கோட்டில் நடப்பது. பக்கத்தில் பிடிக்க ஒருவர் நிற்க வேண்டும்.
4. தோளையும் கழுத்தையும் மெதுவாகச் சுழற்றுவது.

நெஞ்சு நோவு, மயக்கம், மூச்சு வாங்குதல் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பக்கத்து ஆதார வைத்தியசாலையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துத் திருத்திவிட்டுப் போனால் போதும். மற்ற நாட்களில் கூட்டத்தில் உள்ள ஒருவரே முன்னால் நின்று செய்து காட்டலாம்.

*வாயும் கண்ணும் காதும்.* இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்பகுதிப் புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் சேர்ந்த வேலை அது. தோட்டத்தில் குளிருக்கும் பசிக்கும் அலுப்புக்கும் ஒரே மருந்தாக வெற்றிலை இருந்திருக்கிறது, பெண்களுக்கும்தான். வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாயை முழுசாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றைப் பல் வைத்தியர் ஒருவர் டோர்ச் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். வருடத்துக்கு ஒரு தடவை பல் வைத்தியரை நிலையத்துக்கு அழைப்பது, பத்து விழா நடத்துவதைவிடப் பெறுமதியானது. இப்படிப்பட்ட கூட்டங்களில் வரவேற்புத் தட்டில் வெற்றிலை வைப்பதை நிறுத்துவதும் நல்லது. சண்டை வரும், வரட்டும்.

கண்புரைக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசச் சத்திரசிகிச்சை உண்டு. 1986 இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா அமைப்பும் வசதி குறைந்த முதியோருக்கு இதைச் செய்துவருகிறது. தனியாகப் போகப் பயப்படுபவர்கள், சங்கத்திலிருந்து நான்கு பேர் சேர்ந்து போனால் போய்விடுவார்கள். காது விஷயம் இன்னும் கவனிக்கப்படாதது. பெக்டரியில் ரோலர் சத்தத்துக்குள் வருடக்கணக்காக நின்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கும். வீட்டில் அதைப் ‘பெருசுக்குக் காது மந்தம்’ என்று சிரித்துவிட்டுவிடுவார்கள். லான்செட் ஆணைக்குழுவின் 2024 அறிக்கை, ஞாபக மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கேள்திறன் குறைவு, திருத்தாமல் விட்ட பார்வைக் குறைவு, சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போதல், இரத்த அழுத்தம், சீனி நோய் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு பகல்நேர நிலையம் தொடக்கூடிய காரணிகள் இத்தனை இருக்கும்போது அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியில்லை.

*பாட்டும் கூத்தும்.* நிலையம் என்றதும் கெரம் போர்ட் ஒன்றும் டிவி ஒன்றும் வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது. கெரம் நல்லதுதான், தாயமும் சீட்டும் கூட நல்லதுதான். ஆனால் இந்த மனிதர்களிடம் இருப்பதைக் கேட்காமல் வெளியிலிருந்து பொருள் கொண்டுவந்து இறக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. மாசியில் காமன் கம்பம் நட்டால் ரதி மன்மதன் பாட்டு முழுசாகத் தெரிந்தவர் யார்? பொன்னர் சங்கருக்கும் அருச்சுனன் தபசுக்கும் அடவு சொல்லிக் கொடுப்பவர் யார்? தப்பில் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று பிரித்து அடிக்கத் தெரிந்தவர் யார்? பல தோட்டங்களில் இதற்கெல்லாம் பதிலாக ஒன்றிரண்டு முதியவர்கள்தான் எஞ்சியிருக்கிறார்கள். பாட்டு அவர்களின் நெஞ்சிலும் ஒரு பழைய கொப்பியிலும் மட்டும் இருக்கிறது.

நிலையத்தில் தை மாதம் முழுக்க காமன் கூத்துப் பழக்கம் வைத்தால், வாத்தியார் எழுந்து நிற்பார், சத்தம் போடுவார், ஆடிக் காட்டுவார். சமநிலைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, ஞாபகப் பயிற்சி எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடும். முக்கியமாக, அவர் உதவி பெறுபவராக இல்லாமல் குருவாக இருப்பார். பெண்களின் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் இதே மாதிரிதான். (ஒப்பாரியைச் ‘சகுனம் சரியில்லை’ என்று தடுக்கும் செயலாளர்கள் உண்டு. பாடுகிறவர்களுக்கு அந்தப் பயம் இருப்பதாகத் தெரியவில்லை.)

இதோடு சேர்ந்ததுதான் பழைய கதைகளைப் பதிவு செய்வது. மலையக மக்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரு லயத்தில் அண்ணன் தலைமன்னாருக்கு ரயிலேற, தம்பி இங்கே நின்றுபோன கதைகளை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. 2023 இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 வருடத்தைக் குறிக்கும் ‘மலையகம் 200’ நினைவுகூரப்பட்டபோது இந்தக் கதைகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. அந்த ஆர்வம் தணிவதற்குள், உயர்தர மாணவர்கள் போனும் கையுமாக வந்து உட்கார்ந்து பதிவு செய்யலாம்.

*போனும் படிவமும்.* துபாயில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் பேச பேரனைக் கெஞ்ச வேண்டியிருப்பது பல பாட்டிகளுக்குக் கவலை. வீடியோ அழைப்பை எடுப்பது, குரல் செய்தி அனுப்புவது, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இலக்கம் கேட்பவனுக்குப் பதில் சொல்லாமல் வைப்பது ஆகிய மூன்றையும் சொல்லிக்கொடுத்தாலே போதும். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். அதைக் கூட்டத்தில் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். யாராவது ஒருவர் வீரகேசரியைச் சத்தமாக வாசித்தால் எல்லாரும் கேட்கலாம், அப்புறம் சண்டை போடலாம். கொழும்பிலிருந்து தனிச் சிங்களத்தில் வரும் கடிதங்களுக்கு அன்றைக்கே விளக்கம் சொல்ல ஓர் இளைஞர் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் வருவார்கள்.

*தேத்தண்ணி.* சிறிய விஷயம்தான். சீனி போடாத பிளேன்டியும் அவித்த கடலையும் கொடுத்தால் போதும். சீனி நோய்ப் பரிசோதனை நடத்திவிட்டு, வந்தவர்களுக்குக் கேக் துண்டு கொடுத்து அனுப்பும் வேடிக்கை வேண்டாம்.

ஆண்கள் வருவார்களா?

பெண்கள் வேலைச்சுமையால் வராமல் போனால், ஆண்கள் வெட்கத்தால் வராமல் போகிறார்கள். ‘கிழவர் கூட்டத்துக்குப் போறாரு’ என்ற பேச்சு அவர்களுக்குப் பொறுக்காது. சும்மா வந்து உட்காரச் சொல்வதைவிடப் பொறுப்பு ஒன்றைக் கொடுத்து அழைப்பது பலிக்கும்: தப்புக்குத் தோல் கட்டுவது, கோயில் கணக்கு, வீட்டுத்தோட்டத்துக்கு நாற்று மேடை போடுவது, முன்னாள் கங்காணி என்றால் வருகைப் பதிவேடு. பேர் கூப்பிட்டே பழகிய குரல், அதற்கு வேறு ஆளே வேண்டாம். குடிப் பழக்கம் உள்ளவரையும் வர வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் குடிக்காமல் வரச் சொன்னால் போதும்.

யார் நடத்துவது, எப்படித் தொடங்குவது?

ஒழுங்கு முக்கியம். பலர் கடைசிப் படியை முதலில் ஏறப் பார்க்கிறார்கள்.

1. முதலில் சங்கம். கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஏற்கெனவே முதியோர் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அது வீதியோரக் கிராமத்துக்காரர்களோடு நின்றிருக்கலாம். ஒரு பிரிவுக்குள் பல தோட்டங்கள் வருவதால் மேல் டிவிஷனில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதில் சேர உங்களுக்கு உரிமை உண்டு.

2. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ பார்த்துப் பதிவு செய்வது. பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு, உதவி கோரும் விண்ணப்பம் எல்லாம்.

3. இருக்கும் இடத்தைக் கேட்பது. கோயில் மண்டபம், பாவிக்காத கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை), வாசிகசாலை, தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் அறை ஆகியவற்றில் ஒன்று கிழமைக்கு இரண்டு காலை சும்மா கிடக்கும். தோட்ட முகாமையாளரிடம் நிலம் கேட்பதைவிட நேரம் கேட்பது சுலபம். எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆறு மாதமாவது விடாமல் நடத்துவது. வருகைப் பதிவேடு, நடந்தவற்றின் குறிப்பு, கணக்கு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.

5. அதற்கு அப்புறம்தான் கட்டடம், தளபாடம், கழிப்பறை என்று பிரதேச சபையிடமும் முதியோர் செயலகத்திடமும் போவது. 2018 திருத்தத்துக்குப் பிறகு ‘தோட்டம் எங்கள் எல்லையில்லை’ என்ற பழைய பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பணம் பெரிதாக வேண்டாம். தோட்டங்களில் மரணாதாரச் சங்கங்கள் பல வருடங்களாக மாதச் சந்தாவில் ஒழுங்காக நடக்கின்றன. சாவுக்குச் சந்தா கட்டும் ஊர், இருக்கும் நாளுக்கும் கொஞ்சம் கட்டும். அரசியல்வாதிகளின் அன்பளிப்பை வாங்கலாம். ஆனால் நிலையத்துக்குக் கட்சி நிறமோ தொழிற்சங்கப் பெயரோ பூசவிட்டால் லயத்தில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தலைவர்மாருக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பதிவுக்குப் போகும்போது

தேசிய அடையாள அட்டை, அதன் பிரதி, இரண்டு புகைப்படம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு போனால் முதியோர் அடையாள அட்டைக்கும் அதே பயணத்தில் விண்ணப்பித்துவிடலாம். தோட்டத்துப் பதிவேட்டில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாயே, சேமலாப நிதி அட்டையில் இராமாய் என்று பெயர் மூன்று விதமாக இருந்தால், அதைத் திருத்தும் வேலையை 70 வயது வரை தள்ளிப்போடாதீர்கள். கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அது வந்து மறிக்கும். பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்கள், தோட்டத்தின் பழைய பதிவுகளையும் கோயிலிலோ பாடசாலையிலோ உள்ள எழுத்து எதையாவதையும் சேர்த்துக்கொண்டு, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.